தொட்டவர்களும் பார்த்துக்கொண்டிருந்தவர்களும்: சொந்தக் கணினியின் தொடக்க வரலாறு



சொந்தக் கணினி எப்படிப் பிறந்தது என்பதே இன்றைய பொருள். அதோடு வீடியோ கேமின் கதையையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன். அறக்கட்டளைச் சொற்பொழிவில் விளையாட்டுப் பேச்சா என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். விளையாட்டை விலக்கிவிட்டு இந்த வரலாற்றைச் சொன்னால் பாதிக் கதை விட்டுப்போகும் என்பதை இந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர்களே ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கணினியைக் கையில் எடுத்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், தப்பும் தவறுமாக அதோடு மல்லுக்கட்ட நேரம் கிடைத்தவர்களே அதில் புதியதைப் படைத்தார்கள். தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், பிறர் படைத்ததைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். யாருக்கு மூளை கூடுதல், யாருக்குக் குறைவு என்பது இங்கே கேள்வியே இல்லை.

வரிசையில் நின்ற காலம்

1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 என்ற பெருங்கணினி ஜெர்மானிய உதவியோடு நிறுவப்பட்டது. தென்னிந்தியாவுக்கு அது பெரிய வரவு. அக்காலத்துப் பெருங்கணினியில் வேலை செய்ய விரும்பிய மாணவர், தன் நிரலை அட்டைகளில் துளையிட்டுக் கட்டாகக் கட்டிக் கணினி மையத்தில் கொடுத்துவிட்டு வரவேண்டும். விடை பிறகு காகிதத்தில் அச்சாகி வரும். ஒரு காற்புள்ளி பிசகியிருந்தால் மறுபடி அட்டை, மறுபடி வரிசை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிலைமை அப்படித்தான் இருந்தது. கோடிக்கணக்கில் விலை கொண்ட கருவியை ஒரு மாணவனிடம் ஒரு மணி நேரம் ஒப்படைப்பது அன்றைய கணக்குப்படி வீண்செலவு.

அந்தக் கணக்கு சில இடங்களில் மட்டும் தளர்ந்தது. 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர், ஆய்வகத்தைப் பார்க்க வரும் பொதுமக்களுக்குச் சலிப்புத் தட்டக்கூடாது என்று ஆசிலாஸ்கோப் திரையில் டென்னிஸ் ஆடும் ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்தார். மக்கள் வரிசை கட்டி நின்று ஆடினார்கள். அதற்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. தான் ஒரு புதுத் துறையைத் தொடங்கி வைத்ததாக நினைக்கவும் இல்லை.

அடுத்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம். பி.டி.பி.-1 என்ற கணினி அங்கே வந்தபோது அதன் விலை சுமார் 1,20,000 டாலர். மாதிரி ரயில் கட்டி விளையாடும் சங்கத்தைச் சேர்ந்த மாணவர்கள் சிலருக்கு, மற்றவர்கள் வேலை முடித்துப் போன இரவு நேரங்களில் அதன் முன்னால் உட்கார இடம் கிடைத்தது. ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும் 1962-இல் அதில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினார்கள். நடுவில் ஒரு விண்மீன், அதன் ஈர்ப்பில் இழுபடும் இரண்டு விண்கலங்கள், ஒன்றையொன்று சுட வேண்டும். கணினி உடனுக்குடன் மனிதனுக்குப் பதில் சொல்லும், திரையில் பொருள்களை நகர்த்தும் என்பதையெல்லாம் பலரும் முதன்முதலில் கண்ணால் கண்டது இந்த விளையாட்டில்தான். பின்னர் அந்தக் கணினியைத் தயாரித்த நிறுவனமே, கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஸ்பேஸ்வாரைப் பயன்படுத்திக்கொண்டது.

சில்லு வந்தது

1971-இல் இன்டெல் நிறுவனம் 4004 என்ற நுண்செயலியை வெளியிட்டது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று மேசைக் கணக்குப் பொறிக்காகக் கேட்ட சில்லு அது. 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்டது. ஒரு கணினியின் மூளை விரல் நுனியில் அடங்கிவிட்டது. 1974-இல் 8080 என்ற வலிமையான சில்லு வந்தது. அடுத்த ஆண்டு மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தில் சக் பெடில் தலைமையிலான குழு 6502 என்ற சில்லை 25 டாலருக்கு விற்றபோது, போட்டியாளர்கள் அந்த விலையை நம்ப மறுத்தார்கள்.

1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினியின் படம் வந்தது. உதிரி பாகங்களாக வாங்கி நாமே பற்றவைத்துக்கொண்டால் 397 டாலர். அதற்கு விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. முகப்பில் பொத்தான்களும் சிறு விளக்குகளும் மட்டும். நினைவகம் 256 பைட். அதைக்கொண்டு உருப்படியாக ஒரு வேலையும் செய்ய முடியாது. இருந்தும் ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பிக் காத்துக் கிடந்தார்கள். தனக்கே தனக்கென்று ஒரு கணினி என்ற ஆசை அவ்வளவு பேரிடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

ஆல்டேருக்கு பேசிக் என்ற நிரல்மொழியை எழுதிக் கொடுத்தவர்கள் பில் கேட்ஸும் பால் ஆலனும். கேட்ஸுக்கு அப்போது 19 வயது. அந்தத் திறமை எங்கிருந்து வந்தது? 1968-இல் சியாட்டில் நகரில் அவர் படித்த பள்ளியில், மாணவர்களின் தாய்மார் சங்கம் பழம்பொருள் விற்பனை நடத்திய பணத்தில், தொலைவிலுள்ள கணினியோடு பேசும் ஒரு தட்டச்சு முனையத்தை ஏற்பாடு செய்து கொடுத்தது. 13 வயதுப் பையன் அதில் எழுதிய முதல் நிரல், மூன்றுக்கு மூன்று கட்டத்தில் ஆடும் பெருக்கல்-சுழி விளையாட்டு. அவரை மேதை என்று எழுதியவர்கள் பலர். அந்தத் தாய்மாரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இன்றைய பேச்சில் எனக்கு முக்கியமானவர்கள் அவர்கள்தான்.

1976: மூன்று இடங்கள்

1976-ஆம் ஆண்டை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்போம். கலிபோர்னியாவில் ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள் கணினி அந்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. தில்லியில் சிவ் நாடாரும் நண்பர்களும் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நாடார் தூத்துக்குடிச் சீமையில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். 1978-இல் அந்த நிறுவனம் 8சி என்ற நுண்கணினியை வெளியிட்டது. இங்கே கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலையில், தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த ஜாகிர் ஆட்சி முடிவுக்கு வந்து, மலைக் கிராமங்கள் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்ததும் அதே 1976-இல்தான்.

இந்த மூன்றுக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. கலிபோர்னிய இளைஞன் தன் கணினியைத் தானே செய்துகொண்டிருந்தபோது, கல்வராயன் மலையின் வெள்ளிமலை மக்கள் தாங்கள் உழும் நிலத்துக்குத் தங்கள் பெயரில் ஆவணம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டப்பந்தயத்தின் தொடக்கக் கோடு எல்லோருக்கும் ஒரே இடத்தில் போடப்படவில்லை. இதை மறந்துவிட்டு மலைப்பிள்ளைகள் கணினியில் பின்தங்கிவிட்டார்கள் என்று பேசுவது அறியாமை.

விளையாட்டு கணினிக்குக் கொடுத்தது

ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் அகதியாக அமெரிக்கா சென்ற ரால்ஃப் பேயர், வீட்டுத் தொலைக்காட்சியைப் பார்க்க மட்டுந்தான் வேண்டுமா, ஆடக்கூடாதா என்று 1966-இல் யோசித்தார். அதன் விளைவாக 1972-இல் மேக்னவாக்ஸ் ஆடிசி வெளிவந்தது. உலகின் முதல் வீட்டு வீடியோ கேம் கருவி அது. அதற்கு ஒலி கிடையாது. மைதானத்தின் கோடுகளும் வண்ணங்களும் வேண்டுமென்றால், கூடவே கொடுத்த பிளாஸ்டிக் தாளைத் திரையில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் அட்டாரியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்த ஆலன் அல்கார்ன் செய்த 'பாங்' கருவியை ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். சில நாளில் அது நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், உள்ளே சில்லறை நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது. பாங்கில் நுண்செயலியே கிடையாது. எல்லாம் கம்பியும் மின்சுற்றும்தான். காட்ரிட்ஜ் என்ற தனிப் பெட்டியை மாற்றினால் வேறு விளையாட்டு என்ற முறையை 1976-இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் சேனல் எஃப் கொண்டுவந்தது. அந்தக் குழுவை நடத்தியவர் ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளர். நம் ஊர்ப் பிள்ளைகள் பின்னாளில் 'கேசட்' என்று சொல்லி, வாயால் ஊதி ஊதிச் செருகினார்களே, அதற்கு மூத்தது இது.

1977-இல் வந்த அட்டாரியின் வீட்டுக் கருவியில் நினைவகம் வெறும் 128 பைட். திருக்குறளின் முதல் குறளை இன்றைய யூனிகோடு முறையில் எழுதி வைத்தாலே 120 பைட்டுக்கு மேல் போய்விடும். மிச்ச இடத்தில் ஒரு விளையாட்டை எப்படி ஓட்டுவது? முழுப் படத்தையும் நினைவில் வைக்க இடமில்லாததால், தொலைக்காட்சித் திரையில் ஒரு வரி வரையப்படுகிற அந்தக் கணத்திலேயே அந்த வரியில் என்ன வரவேண்டும் என்று நிரல் சொல்லியாக வேண்டும். ஒரு நொடிக்கு 60 முறை இந்த ஓட்டம். அதை எழுதியவர்களின் கைத்திறனை இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள்.

1978-இல் ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இன்னொரு பாடம். திரையில் 55 வேற்றுக்கிரக உருவங்கள். 8080 சில்லுக்கு அத்தனையையும் வேகமாக நகர்த்தத் தெம்பில்லை. ஆட்டக்காரர் சுடச்சுட உருவங்கள் குறையும். குறையக்குறைய சில்லின் சுமை இறங்கும். மீதமுள்ளவை வேகம் பிடிக்கும். கருவியின் பலவீனத்தை நிஷிகாடோ திருத்தாமல் விட்டுவிட்டார். போகப்போகக் கடினமாகும் ஆட்டம் என்ற இலக்கணம் அந்தப் பலவீனத்திலிருந்து பிறந்தது.

இப்போது வோஸ்னியாக்கிடம் திரும்புவோம். அட்டாரிக்காக 'பிரேக்அவுட்' என்ற விளையாட்டின் சுற்றை அவர் வடிவமைத்திருந்தார். அதே விளையாட்டை மின்சுற்றாக இல்லாமல் பேசிக் மொழியில் எழுதி ஆட வேண்டும் என்பதற்காகவே 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் வண்ணமும், ஒலியும், திருகிக் கட்டுப்படுத்தும் கைப்பிடியும் வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு 1979-இல் விசிகால்க் என்ற கணக்கு விரிதாள் வந்து ஆப்பிளை அலுவலகங்களுக்குள் கொண்டுபோனது, 1981-இல் ஐ.பி.எம். தன் சொந்தக் கணினியை வெளியிட்டது. மேசைக் கணினி என்று நாம் இன்று அறிவதன் வண்ணமும் ஒலியும் விளையாட்டு மேசையிலிருந்து அலுவலக மேசைக்குப் போனவை.

1984: ஒரே கருவி, இரண்டு அறைகள்

இங்கே சற்று நிதானமாக நிற்க வேண்டும். 1981-இல் இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் பி.பி.சி. மைக்ரோ என்ற கணினியை வெளியிட்டது. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோரின் உழைப்பில் வந்தது. உள்ளே அதே மலிவான 6502 குடும்பத்துச் சில்லு. 32 கிலோபைட் நினைவகம். பிளக்கைச் செருகி பொத்தானைப் போட்டதும் பேசிக் மொழி தயாராகக் காத்திருக்கும்.

1984-இல் இந்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கியது. முதற்கட்டமாகச் சுமார் 250 பள்ளிகள். அவற்றுக்குத் தேர்ந்தெடுத்த கருவி இதே பி.பி.சி. மைக்ரோ. பின்னர் நம் நாட்டிலேயே செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 'யூனிகார்ன்' என்ற பெயரில் அதைத் தயாரித்தது. நல்ல கருவி, நல்ல நோக்கம். ஆனால் ஒரு பள்ளிக்கு ஒரு சில கணினிகள், பாடமெல்லாம் ஆங்கிலத்தில், வகுப்பு முழுவதும் திரையைச் சூழ்ந்து நிற்க, விசையைத் தட்டுவது ஒருவர். அது பழுதானால் யார் பதில் சொல்வது என்ற அச்சம் வேறு.

அதே 1984-இல் கேம்பிரிட்ஜில் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு மாணவர்கள், அதே பி.பி.சி. மைக்ரோவுக்கு 'எலைட்' என்ற விளையாட்டை எழுதி வெளியிட்டார்கள். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள், ஒவ்வொரு கோளுக்கும் பெயர், ஆட்சிமுறை, சந்தை விலை. 2,048 கோள்களின் விவரத்தை 32 கிலோபைட்டுக்குள் எப்படிச் சேமித்தார்கள்? சேமிக்கவே இல்லை. ஒரு சில எண்களை விதையாக வைத்து, குறிப்பிட்ட விதிப்படி அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால், கோள்களின் விவரங்கள் தேவைப்படும்போது முளைத்து வரும். எத்தனை முறை செய்தாலும் அதே விதைக்கு அதே கோள். ஒரு கணித உண்மையை அவர்கள் கருவியின் நெருக்கடிக்குள்ளிருந்து கண்டெடுத்தார்கள்.

கருவி ஒன்றுதான், சில்லும் ஒன்றுதான். ஓர் அறையில் அது காட்சிப்பொருள், மற்றோர் அறையில் கைப்பொருள். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று தேடினாலும் கிடைக்காது.

மணிக் கணக்கில் வாடகை

1990-களில் நம் சிற்றூர்களுக்குக் கணினி வந்த வழியை இங்குள்ள நடுவயதுக்காரர்கள் அறிவார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பலகையில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் சேர்ந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, திரைச்சீலை போட்ட குளிர் அறைக்குள் போக வேண்டும். ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர். வாரத்தில் சில மணி நேரம் பயிற்சி. அதற்குள் சொல்லிக் கொடுத்ததைச் செய்து பார்ப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். தானாக ஒன்றைத் தோண்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

வீடியோ கேமும் வாடகைக்குத்தான் வந்தது. 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள் நம் கடைத்தெருக்களில் பல பெயர்களில் விற்றன. தொலைக்காட்சிப் பெட்டியும் அந்தக் கருவியும் வைத்து, அரை மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார்கள். மாரியோவும் கான்ட்ராவும் அப்படித்தான் நம் பிள்ளைகளுக்கு அறிமுகம். மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984-இல் எழுதிய 'டெட்ரிஸ்', 'பிரிக் கேம்' என்ற கையடக்கப் பொம்மையாகத் திருவிழாக் கடைகள் வரை வந்தது. பஜித்னோவின் கணினியில் படம் வரையும் வசதியே இல்லை. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். நம்மிடம் வந்தது ஆடத் தெரிந்த கருவி. அதைத் திறந்து மாற்றி எழுத வழியில்லாத கருவி. ஆகவே ஒரு தலைமுறைக்கு ஆட்டம் தெரிந்தது, ஆட்டத்தை ஆக்கும் முறை தெரியவில்லை.

தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள்

தமிழ்க் கணிமையின் தொடக்கமும் இதையே சொல்கிறது. 1980-களின் நடுவில் கனடாவில் சீனிவாசன் 'ஆதமி' என்ற தமிழ்ச் செயலியை எழுதினார். 1985-இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை உருவாக்கி, 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகத் தந்தார். 1998-இல் மதுரைத் திட்டம் தொடங்கிப் பழந்தமிழ் நூல்கள் மின்வடிவம் பெற வழிசெய்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டுக்குப் பிறகே நம் அரசு விசைப்பலகைக்கு ஒரு தரம் வகுத்தது.

கனடா, மலேசியா, சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து. ஏன் இந்த ஊர்கள்? தமிழ்ப்பற்று தமிழ்நாட்டில் குறைவா? இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, உறக்கம் வரும்வரை ஒரு கணினியோடு தனியே உட்காரும் வாய்ப்பு அன்று அங்கே இருந்தவர்களுக்கு இருந்தது. இங்கே இறக்குமதி வரியும் விலையும் சேர்ந்து அதைத் தடுத்தன. 2011 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியபோதுதான், ஏழை வீட்டுக்குள் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத கணினி ஒன்று முதன்முதலாகப் பெருமளவில் நுழைந்தது. அதை இலவசம் என்று எள்ளியவர்கள் இந்த வரலாற்றை அறியாதவர்கள்.

இனி நாம் செய்ய வேண்டியது

பி.பி.சி. மைக்ரோவைச் செய்த அதே ஏகார்ன் குழு 1985-இல் ஆர்ம் என்ற சில்லை உருவாக்கியது. இன்று உங்கள் சட்டைப் பையிலிருக்கும் செல்பேசியில் ஓடுவது அந்தக் குடும்பத்துச் சில்லுதான். 2000-களில் கேம்பிரிட்ஜுக்குக் கணினி அறிவியல் படிக்க வந்த மாணவர்களுக்கு நிரல் எழுதிப் பழக்கமே குறைந்துவிட்டதைக் கவனித்த எபன் அப்டன், டேவிட் பிரேபன் முதலியோருடன் சேர்ந்து தொடங்கிய முயற்சியில் 2012-இல் ராஸ்பெர்ரி பை வந்தது. உள்ளங்கை அளவுக் கணினி. அன்று 35 டாலர். இங்கிலாந்துப் பிள்ளைகளும் தொட்டுப் பழகுவதை விட்டுப் பார்க்கிறவர்களாக மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்ற கவலை அங்கேயே எழுந்திருக்கிறது. அப்படியானால் நாம் இருமடங்கு கவலைப்பட வேண்டும்.

கல்வராயன் மலையில் செல்பேசிக் கோபுரம் எட்டாத ஊர் என்றால் கணினிக் கல்வி அங்கே முடியாது என்று சொல்லிவிடுகிறோம். இன்று நான் சொன்ன சாதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு இணையம் தேவைப்படவில்லை. எலைட் எழுதியவர்களுக்கு ஒரு கணினி, ஒரு கையேடு, மின்சாரம், நேரம் இவை போதுமானவையாக இருந்தன. நேரம் என்பதில் மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு நகரத்துப் பள்ளிகளுக்கு இல்லாத வசதி உண்டு. பிள்ளைகள் மாலையிலும் அங்கேயேதான் இருக்கிறார்கள். ஸ்பேஸ்வார் எழுதிய மாணவர்களுக்குக் கிடைத்த இரவு நேரத்தை நம் விடுதிப் பிள்ளைகளுக்கு நாமும் கொடுக்கலாம்.

என்ன எழுதுவார்கள் என்று கேட்டால், ஆடுபுலி ஆட்டத்தில் தொடங்கட்டும். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. விதிகள் தெளிவு. ஆட்டை நகர்த்துவது மனிதன், புலியை நகர்த்துவது கணினி என்று வைத்தால், செயற்கை நுண்ணறிவின் அரிச்சுவடி அதற்குள் இருக்கிறது. தமிழிலேயே கட்டளைகளை எழுத 'எழில்' போன்ற நிரல்மொழியும் இருக்கிறது. அந்த ஆட்டத்தை எழுதி முடித்த பிள்ளைக்குக் கணினியைக் கண்டு அச்சம் இராது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். தலைமையாசிரியர்களே, பள்ளியின் கணினி ஆய்வகத்தை வகுப்பு முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். அந்த நேரத்துக்குப் பாடத்திட்டம் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள தாய்மாரே, முன்னாள் மாணவர்களே, சியாட்டில் தாய்மார் செய்ததை இங்கே நீங்கள் செய்யுங்கள். நாலு சிறு கணினிகள் வாங்கப் பெரும் பணம் வேண்டியதில்லை. இந்த அறக்கட்டளையாருக்கும் ஒரு விண்ணப்பம்: அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு என்னைப் போல் ஒருவரை அழைப்பதற்குப் பதில், கல்வராயன் மலைப் பள்ளி மாணவர்கள் தாங்களே எழுதிய விளையாட்டுகளை இந்த மேடையில் ஆடிக்காட்டச் சொல்லுங்கள். அந்த நிகழ்ச்சிக்குப் பார்வையாளனாக வர நான் இப்போதே இசைவு தருகிறேன்.